இறக்கிவைக்க ஓரிடம்

கரையேறிய கட்டுமரத்தை அவிழ்த்துப்போடுவது சோழமண்டலக் கரையின் பழைய வழக்கம். அலையோடு வந்து மணலில் முட்டியதும் முதலில் வலையும் மீனும் இறங்கும். பிறகு கயிற்றைத் தளர்த்தி மரங்களைப் பிரிப்பார்கள். ஒவ்வொரு மரமாக இருவர் தோளில் ஏற்றி மேட்டு மணலுக்குக் கொண்டுபோய் வெயிலில் காயப்போடுவார்கள். நீர் குடித்த மரம் கனக்கும், மறுநாள் மிதப்பும் குறையும். அதனால்தான் காயவைத்தார்கள் என்று நூல்கள் சொல்லும். அது உண்மைதான். ஆனால் அந்த அவிழ்ப்பில் இன்னொரு காரியமும் நடந்தது. ஒரே மூச்சில் தூக்க முடியாத கனம், மனித முதுகு தாங்கக்கூடிய துண்டுகளாகப் பிரிந்தது.

பழவேற்காடு ஏரியின் தென்பகுதியில், பொன்னேரி வட்டத்துக் காட்டூரைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்களில் இன்று கண்ணில் படுவதெல்லாம் கண்ணாடி இழைப் படகுகள். 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடா மீன்வளத் திட்டம், அலைமோதும் கரையில் ஏற்றி இறக்கத்தக்க புதுப் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. 2004 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்த படகுகளால் கரை முழுக்க ஃபைபர் மயமானது. வேகம் கூடியது, பாதுகாப்பும் கூடியது. அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் ஃபைபர் படகை அவிழ்க்க முடியாது. இன்ஜினைக் கழற்றித் தனியே தூக்கலாம், வலையை இறக்கலாம். உடம்பு ஒரே உடம்புதான். அதை மணலில் ஏற்ற ஒன்று ஆள் கூட்டம் வேண்டும், இல்லையென்றால் டிராக்டர் வேண்டும். டிராக்டர் வராத காலையில் இடுப்புகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

சுமை தூக்குவதற்கும் ஒரு வரலாறு உண்டு. அதை யாரும் தனியாக எழுதிவைக்கவில்லை. துறைமுகத்தின் வரலாறு எழுதப்பட்டது, கால்வாயின் வரலாறு எழுதப்பட்டது, கோட்டைக்கும் கப்பலுக்கும் ஆவணங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் சரக்கைத் தூக்கியவர்களின் முதுகு வரிகளுக்கு இடையில்தான் இருக்கிறது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். சுற்று ஊர்களில் நெய்த துணி பொதி பொதியாக இங்கே வந்து சேர்ந்தது. வெடிமருந்து இங்கேயே தயாரானது. அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் இந்த வழியாகவே பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) ஏற்றப்பட்டார்கள். ஏரியின் முகத்துவாரம் ஆழமற்றது. பெரிய கப்பல் உள்ளே வராது, திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கிடங்கிலிருந்து படகுக்கு, படகிலிருந்து கப்பலுக்கு என்று ஒரே பொதி பலமுறை கைமாறியது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் யாரோ ஒருவர் குனிந்து நிமிர்ந்தார்.

பொதி எவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்தவர் குனிந்தவர் அல்ல. சோழமண்டல வணிகத்தின் அளவைகள் வீசையும் மணங்கும் கண்டியும். எட்டு வீசை ஒரு மணங்கு, இருபது மணங்கு ஒரு கண்டி. ஆங்கிலேயர் காலத்துச் சென்னைக் கணக்கில் மணங்கு 25 பவுண்டு, கண்டி 500 பவுண்டு. இன்றைய கணக்கில் சுமார் 227 கிலோ. விலை பேசவும் வரி போடவும் கப்பலின் கொள்ளளவைக் கணக்கிடவும் வசதியான அளவைகள் இவை. மனித உடம்புக்கு எது வசதி என்ற கேள்வி இந்தக் கணக்கில் எங்கும் நுழையவில்லை. பின்னாளில் வந்த நூறு கிலோ மூட்டையும், இன்றைக்கும் அரிசி மண்டியில் புழங்கும் எழுபத்தைந்து கிலோ மூட்டையும் அதே மரபில் வந்தவைதான்.

அடுத்த அத்தியாயம் தண்ணீரில் நடந்தது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர்வரை பேசில் காக்ரேன் என்ற வணிகர் வெட்டிய கால்வாய், பிறகு அரசின் கைக்குப் போய், படிப்படியாகப் பழவேற்காடு ஏரியைத் தொட்டு ஆந்திரக் கரைவரை நீண்டது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டு விறகு, சவுக்கு, உப்பு, ஏரியில் அள்ளிய சுண்ணாம்புக் கிளிஞ்சல் எல்லாம் இந்த வழியாகவே பட்டணத்துக்குப் போயின. தலைச்சுமையாகவும் மாட்டு வண்டியிலும் போயிருக்க வேண்டிய கனத்தைத் தண்ணீர் ஏந்திக்கொண்டது. ஓர் ஆள் கழி ஊன்றியோ, கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தோ, டன் கணக்கான சரக்கை நகர்த்த முடிந்தது. ஏற்றும்போதும் இறக்கும்போதும் மட்டும் முதுகு வேண்டியிருந்தது.

அந்தக் கால்வாயின் ஒரு துண்டுக்கு மனித முதுகு கொடுத்த விலை பெரிது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் 1876–78 பஞ்சத்தில், சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் எட்டுக் கிலோமீட்டர் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1878-இல் ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் சூட்டப்பட்டது. சென்னை மாகாணத்து நிவாரண வேலைகளில் ஆண்கள் வெட்டினார்கள், பெண்களும் சிறுவர்களும் கூடையில் மண் சுமந்தார்கள். 1877-இன் தொடக்கத்தில், இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். வேலை செய்யும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம். அதோடு ஓரணாக் காசு. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை வெளிப்படையாக எதிர்த்தார். உழைக்கும் உடம்புக்கு இது போதாது என்பது அவர் வாதம். ஓர் உடம்பு எவ்வளவு சுமக்கலாம் என்ற கேள்வியை, அந்த உடம்பு எவ்வளவு உண்கிறது என்ற கேள்வியோடு சேர்த்து அரசாங்கத்தின் முன் வைத்த ஆவணங்கள் தமிழகத்தில் அதற்கு முன் அதிகம் இல்லை. பக்கிங்காம் கால்வாயைச் சாக்கடை என்று கடந்துபோகிறவர்கள் இந்த ஒரு செய்தியையாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி, முதுகு எப்படிப் பழுதாகிறது என்று பார்க்கலாம். தரையில் இருக்கும் இருபது கிலோ மீன்பெட்டியை ஒருவர் இடுப்பை மடித்துக் குனிந்து எடுக்கிறார். பெட்டி அவருடைய முதுகெலும்பிலிருந்து அரை மீட்டர் முன்னால் இருக்கிறது. அதைத் தூக்கிப் பிடிக்கும் முதுகுத் தசையோ எலும்பிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கிறது. சந்தையில் மீன் நிறுத்த வெள்ளிக்கோல்போலத்தான் இதுவும்: நீண்ட பக்கத்துச் சிறு எடையைச் சமன் செய்யக் குட்டைப் பக்கத்தில் பத்து மடங்கு இழுக்க வேண்டும். தசை இருநூறு கிலோ அளவுக்கு இழுக்கும். மேலுடம்பின் எடையும் அதோடு சேரும். அவ்வளவு அழுத்தமும் இடுப்புப் பகுதி முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகளின்மேல் இறங்கும். அதே பெட்டியை வயிற்றோடு அணைத்துத் தூரத்தைப் பாதியாக்கினால் தசையின் இழுப்பும் பாதியாகும். எடை மாறவில்லை, தூரம்தான் மாறியது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் ஆல்ஃப் நாகெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதர்களின் வட்டுக்குள்ளேயே ஊசியைச் செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்பதைவிட முன்னே சாய்ந்து எடையைப் பிடிப்பதில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்பது அதன் பிறகு ஊகமாக இல்லை.

மீனவருக்கு இதில் ஒரு தனிக் கெடுதலும் இருக்கிறது. இரவு படுத்திருக்கும்போது வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பும். எழுந்த முதல் ஒரு மணி நேரம் முதுகு விறைப்பாக இருக்கும், குனிந்தால் வட்டின்மேல் விழும் தகைவும் அப்போதுதான் மிக அதிகம். நடமாட நடமாட அது குறையும். அலுவலகம் போகிறவர் அந்த ஒரு மணி நேரத்தில் காபி குடித்துக்கொண்டிருப்பார். குப்பத்து ஆளோ விடியுமுன் பாயிலிருந்து எழுந்து நேராகப் படகைத் தள்ளப் போகிறார். தள்ளுவதற்கு முன் கொஞ்ச நேரம் நடப்பது, கனமானதைக் கடைசியாக எடுப்பது ஆகிய இரண்டுக்கும் காசு செலவில்லை.

பழையவர்கள் இந்தக் கணக்கைப் போடவில்லை. ஆனாலும் அவர்கள் வைத்திருந்த கருவிகளைப் பார்த்தால் கணக்கு தெரிந்தவர்கள்போலவே இருக்கிறது. தலையில் துணியைச் சுருட்டிவைத்த சும்மாடு, சுமையின் கனத்தை ஒரே புள்ளியில் அழுத்தாமல் பரப்பியது. காவுதடி இரு பக்கமும் சமமாகத் தொங்கவிட்டது. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டு பொழுதுபோக்குக்காக வந்ததல்ல. இருபது பேரின் இழுப்பு ஒரே நொடியில் விழ வேண்டும், ஒருவர் தனியாக இழுத்தால் அவர் இடுப்பு போகும் என்பதற்காக வந்தது. கூடையைத் தலைக்கு ஏற்ற எப்போதும் இன்னொருவர் வேண்டும். ‘ஒரு கை கொடம்மா’ என்று கேட்பதில் யாருக்கும் கூச்சம் இருந்ததில்லை.

இவற்றில் மிகப் பெரியது சுமைதாங்கிக் கல்.

நட்டு நிறுத்திய இரண்டு கற்கள், அவற்றின் மேல் குறுக்காக ஒரு பலகைக் கல். அவ்வளவுதான் அதன் அமைப்பு. உயரம் ஏறக்குறைய ஓர் ஆளின் தோளளவு. சாலையோரத்தில், குளக்கரையில், மரநிழலில், சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், யாரையும் கூப்பிடாமல், சுமையைத் தலையிலிருந்து நேராகக் கல்மேல் நகர்த்திவிட்டு இளைப்பாறலாம். புறப்படும்போது கல்லிலிருந்து நேராகத் தலைக்கு நகர்த்திக்கொள்ளலாம். தமிழ்நாடு முழுக்க இது இருந்தது. கேரளத்தில் அத்தாணி என்ற பெயரில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் மடம், கேணி, மாடு உடம்பை உரசிக்கொள்ளும் ஆவுரஞ்சிக் கல் ஆகியவற்றோடு சேர்ந்தே நின்றது. சென்னையிலிருந்து பெங்களூர் போகும் வழியில், காவேரிப்பாக்கத்தை அடுத்து ஓர் ஊரின் பெயரே சுமைதாங்கி.

வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் குடும்பத்தார் இந்தக் கல்லை நடுவது வழக்கம். இறக்கிவைக்க முடியாமல் போன ஒருத்தியின் பேரால், வழிப்போக்கர் அனைவரும் இறக்கிவைக்கட்டும் என்ற எண்ணம் அது. துக்கத்தை இப்படிப் பொதுக் காரியமாக மாற்றிய வழக்கங்கள் உலகில் அதிகம் இருக்க முடியாது. சிலர் கல்லில் பெயரையும் வெட்டிவைத்தார்கள்.

முதுகைக் காக்கும் கோணத்தில் பார்த்தால் அந்தக் கல்லின் அருமை அதன் உயரத்தில் இருக்கிறது. சுமையைத் தூக்கிக்கொண்டு நடப்பதில் வரும் காயத்தைவிட, தரையிலிருந்து எடுப்பதிலும் தரையில் வைப்பதிலும் வரும் காயமே அதிகம். சுமைதாங்கிக் கல் அந்த இரண்டு அசைவுகளையும் முழுசாக நீக்கிவிட்டது. சுமப்பவனைப் பார்த்து ‘சரியாகக் குனி’ என்று அது சொல்லவில்லை. குனியவே தேவையில்லாமல் செய்தது. லாரியும் பேருந்தும் வந்த பிறகு இந்தக் கற்கள் சாலை அகலப்படுத்தலில் பெயர்ந்தன, சில ஊர்களில் துணி துவைக்கும் கல்லாயின. சுமப்பவர்கள் மட்டும் மறையவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் கல்லின் இடத்துக்குச் சட்டம் வந்தது, மெதுவாக. கப்பலில் ஏற்றும் ஒரு டன்னுக்கு மேற்பட்ட பொதிகளின்மேல் எடையை எழுத வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1929-இல் ஓர் உடன்படிக்கை செய்தது. இந்தியா அதை 1931-இல் ஏற்றது. காயம் உண்டாக்கக்கூடிய அளவுக்குக் கனமான எதையும் தொழிலாளியைத் தூக்கச் செய்யக் கூடாது என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அதன் 34-ஆம் பிரிவு உச்ச எடையை வகுக்கும் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டது. 1967-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு தனி ஆள் சுமக்கும் எடைக்கு வரம்பு வேண்டும் என்ற உடன்படிக்கையையும், வயதுவந்த ஆணுக்கு அந்த வரம்பு 55 கிலோ என்ற பரிந்துரையையும் வெளியிட்டது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்றது 2010-இல். நாற்பத்து மூன்று ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இடையில், 1982-இல், தமிழ்நாடு தன் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்தது. சுமை தூக்குவோரும் அதன் கீழ் வந்தார்கள்.

ஐம்பத்தைந்து கிலோகூடப் பாதுகாப்பான எடை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவின் தொழில்நலப் பாதுகாப்பு நிறுவனம் 1990-களில் திருத்திய கணக்கீட்டில், எல்லாம் சரியாக அமைந்தாலும், அதாவது சுமை உடம்போடு ஒட்டி இடுப்பு உயரத்தில் இருந்து, திரும்பாமல் எப்போதோ ஒருமுறை தூக்கினாலும், உச்சம் 23 கிலோதான். தரையிலிருந்து எடுத்தால் குறையும், உடம்பைத் திருகினால் இன்னும் குறையும். கடையில் விற்கும் இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பமே அந்த வரம்பைத் தாண்டியது என்பதை வீட்டுக்கு அரிசி வாங்குகிறவர்கள் மனதில் வைப்பது நல்லது.

சட்டங்களில் ஓட்டையும் உண்டு. தொழிற்சாலைகள் சட்டம் தொழிற்சாலைக்குள் வேலை செய்பவரைக் காத்தது. காட்டூர்ப் பக்கத்துக் குப்பத்தில் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் நிரப்பிப் பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் கொண்டுபோகும் பெண்ணுக்கு முதலாளி யார்? அவளே முதலாளி, அவளே சுமைப்பணியாளர். ஏரியின் சேற்றில் இடுப்பளவு நீரில் குனிந்தபடி, பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்கும் எந்த 34-ஆம் பிரிவும் இல்லை. சில கிலோமீட்டர் தூரத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் டன் கணக்கான சரக்குப் பெட்டகங்களை ஓர் ஆளின் விரலசைவில் எடுத்துவைக்கின்றன. ஒரே கரையில் இரண்டு நூற்றாண்டுகள் அருகருகே நிற்கின்றன.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு தீர்வு முன்வைக்கப்படும்: பயிற்சி. முட்டியை மடக்கு, முதுகை நேராக வை என்று படம் போட்டுச் சுவரில் ஒட்டுவது. அந்த அறிவுரை தவறில்லை. சுமைக்கு அருகில் போவது, கால்களை அகட்டி ஊன்றுவது, உடம்போடு அணைப்பது, இடுப்பைத் திருகாமல் காலை நகர்த்தித் திரும்புவது எல்லாம் செய்ய வேண்டியவைதான். ஆனால் அது மட்டும் போதும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அமெரிக்க அஞ்சல் துறையில் சுமார் 4,000 ஊழியர்களை ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து 1997-இல் வெளியான ஆய்வு, முதுகுப் பயிற்சி வகுப்புகளால் காயம் குறையவில்லை என்று கண்டது. பெரிய கடைகளின் ஊழியர் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2000-இல் வெளியான ஆய்வு, இடுப்பில் கட்டும் பெல்ட்டும் காப்பாற்றவில்லை என்றது. அவசரத்தில், வழுக்கும் மணலில், பேருந்து கிளம்பிவிடும் என்ற பதைப்பில் தூக்குகிறவருக்குச் சுவரில் பார்த்த படம் நினைவுக்கு வராது.

தலைச்சுமையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கென்யப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தலையில் கூடுதல் சக்திச் செலவின்றிச் சுமக்கிறார்கள் என்று 1986-இல் ஓர் ஆய்வு வெளிவந்து வியப்பைக் கிளப்பியது. பின்னர் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளில் அந்தச் சிக்கனம் தென்படவில்லை, கழுத்துவலி தென்பட்டது. தலையில் சுமப்பது இடுப்புக்கு நல்லது என்று பெருமை பேசி மீன்காரப் பெண்களை அப்படியே விட்டுவிட முடியாது. முன்னே குனிந்து கையில் தூக்குவதைவிட அது மேல் என்பதற்கு மேல் அதற்குச் சான்றிதழ் கொடுக்க வேண்டியதில்லை.

சென்னை மெரினாவில் 1959-இல் நிறுவப்பட்ட, தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலையைப் பார்த்தவர்கள் அந்த நால்வரின் தசைகளைப் பேசுவார்கள். அவர்கள் பாறையை வெறுங்கையால் தூக்கவில்லை. நெம்புகோல் கொடுத்து நகர்த்துகிறார்கள், நால்வர் சேர்ந்து. சிலையின் அந்தப் பகுதிதான் அதிகம் பேசப்பட வேண்டியது.

அவிழ்த்த கட்டுமரமும், கால்வாய்ப் படகும், சும்மாடும், சுமைதாங்கிக் கல்லும் ஒரே திசையைக் காட்டுகின்றன. சுமப்பவரைத் திருத்துவதற்கு முன் சுமையைத் திருத்த வேண்டும். அதன் அளவை, அது இருக்கும் உயரத்தை, அது நகரும் முறையை. மூட்டை எடை குறைந்தபோதெல்லாம் வணிகம் ஒன்றும் நின்றுவிடவில்லை. அரசுக் கொள்முதல் நிலையங்களில் நெல் இன்று நாற்பது கிலோ மூட்டையாக வருகிறது, சிமென்ட் ஐம்பது கிலோவில் வருகிறது. முன்பு நூறு கிலோ இல்லாமல் முடியாது என்று சொன்னவர்களும் அதில்தான் வியாபாரம் செய்கிறார்கள்.

பழவேற்காட்டுக் குப்பங்களுக்கு இதற்குப் பெரிய திட்டம் தேவைப்படாது. மீன் இறங்கும் இடத்தில் ஏலத்துக்குத் தரைக்குப் பதில் இடுப்பு உயர மேடை வேண்டும். ஐஸ் பெட்டிகளுக்கு இருபுறமும் கைப்பிடியும், மணலில் புதையாத அகலச் சக்கர வண்டியும் வேண்டும். படகை இழுக்க ஊருக்குப் பொதுவாக ஓர் இழுவை எந்திரம் வேண்டும். பெண்கள் கூடையோடு பேருந்துக்குக் காத்திருக்கும் நிறுத்தங்களில் தோளுயரத்துக்கு ஒரு கல் மேடை வேண்டும். இரண்டு தூண், ஒரு பலகை, எந்தக் கொத்தனாரும் ஒரே நாளில் கட்டிவிடுவார். ஊராட்சி மன்றங்களும் மீன்வளத் துறையும் அடுத்த ஆண்டு வேலைப் பட்டியல் போடும்போது, முதல் வரியாக இதை எழுதட்டும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் இதைக் கேட்டு மனுக் கொடுக்கட்டும்.